"இருமல் இல்லை சிஸ்டர்": ஹாட்ஜ்கின் லிம்போமா சிகிச்சையில் இருந்த ஓர் இளம்பெண் - நிகழ்வு ஆய்வு

இரண்டு வாரத்துக்குள் மூன்று முறை அவளிடம் "இருமல் இருக்கா?" என்று கேட்டேன். மூன்று முறையும் "இல்லை சிஸ்டர்" என்றாள். இருமல் இருந்தது. அவள் ஏன் மறைத்தாள், எனக்கு ஏன் தெரியாமல் போனது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கீமோ கொடுக்கும் டே கேர் பிரிவில் நான் செவிலியர். அவள் சம்மதத்தோடு எழுதுகிறேன். அவளை அடையாளம் காட்டக்கூடியவற்றை விட்டுவிட்டேன். ஹாட்ஜ்கின் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய்க்குச் சிகிச்சை தொடங்கியபோது அவளுக்கு வயது 26. திருமணம் ஆகவில்லை. வேலையில் சேர்ந்து இரண்டு வருடம் முடிந்திருந்தது. எப்போதும் அம்மாதான் கூட வருவார்.

நோய் தெரியவந்த விதம்

இடது காறை எலும்புக்கு மேலே ஒரு நெறி கட்டியிருந்தது. வலி இல்லை. தொட்டால் ரப்பர் போல வழுக்கியது. அதோடு இரவில் கால்களில் அரிப்பு, படுத்தால் வறட்டு இருமல், விடியும்போது உடை நனையும் அளவுக்கு வியர்வை. ஆறு மாதத்தில் எடை 61 கிலோவிலிருந்து 54 ஆகியிருந்தது. மெலிந்துவிட்டாய், நன்றாக இருக்கிறாய் என்று பலர் பாராட்டினார்களாம். அந்தப் பாராட்டுகளை நினைத்தால்தான் இப்போது கோபம் வருகிறது என்று பின்னாளில் சொன்னாள்.

முதலில் பார்த்த இடத்தில் தொற்று என்று நினைத்து இரண்டு சுற்று ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். பிறகு ஊசியால் குத்தி எடுத்துப் பார்த்ததில் "அழற்சி செல்கள்" என்று மட்டும் வந்தது. இது அடிக்கடி நடக்கிறது. ஹாட்ஜ்கின் லிம்போமா கட்டியில் உண்மையான புற்றுநோய் செல்கள், அதாவது ரீட்-ஸ்டெர்ன்பெர்க் செல்கள், மிகக் குறைவு. பெரும்பாலும் நூற்றில் ஒன்று அளவுதான். மற்றதெல்லாம் அவற்றைச் சுற்றிக் கூடிய சாதாரண எதிர்ப்புச் செல்கள். மெல்லிய ஊசி அந்த ஒன்றைத் தவறவிடுவது எளிது. நெறி குறையவில்லை என்றால் அந்த வீங்கிய நிணநீர்க் கணுவை முழுதாக அறுத்து எடுத்துத்தான் பார்க்க வேண்டும். அவளுக்கு அப்படி எடுத்த பிறகுதான் பெயர் கிடைத்தது: நாடுலர் ஸ்கிலிரோசிஸ் வகை. இளம் வயதினரிடம் அதிகம் காணப்படும் வகை இதுதான். அந்தச் சிறு அறுவையையும் மரத்துப்போகும் ஊசி மட்டும் போட்டுத்தான் செய்தார்கள், மயக்கம் கொடுக்கவில்லை. நெஞ்சின் நடுவே 11 சென்டிமீட்டர் கட்டி மூச்சுக்குழாயை அழுத்திக்கொண்டிருந்தது; மயக்கம் கொடுத்துப் படுக்க வைத்தால் மூச்சு அடைத்துவிடும் ஆபத்து இருந்தது.

பெட் ஸ்கேனில் நோய் கழுத்திலும் நெஞ்சிலும் மட்டும் இருந்தது, உதரவிதானத்துக்குக் கீழே எதுவும் இல்லை. எனவே இரண்டாம் நிலை. வியர்வையும் எடைக் குறைவும் இருந்ததால் அதோடு 'பி' என்ற எழுத்தும் சேர்ந்தது.

"நல்ல கேன்சர்"

பார்க்க வந்த எல்லோரும் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள்: "கேன்சர்லயே இது நல்ல கேன்சர்." நானும் முதல் நாள் கிட்டத்தட்ட அதையே சொன்னேன். அதற்கு அடிப்படை இல்லாமல் இல்லை. தாமஸ் ஹாட்ஜ்கின் 1832-இல் இந்த நோயை விவரித்த காலத்திலும் அதற்குப் பின் நூறு வருடத்துக்கு மேலும் இது உயிரைப் பறிக்கும் நோயாகத்தான் இருந்தது. 1960-களில் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கத் தொடங்கிய பிறகுதான் முற்றிய நிலையில்கூட குணமாக்க முடியும் என்று தெரிந்தது. இன்று பெரும்பாலானவர்கள் குணமாகிறார்கள்.

ஆனால் அந்த வாக்கியம் அவளுக்கு என்ன செய்தது என்பதை நான் கவனிக்கவில்லை. நல்ல கேன்சர் என்றால் குணமாகியே தீர வேண்டும், ஆகவில்லை என்றால் தப்பு தன் மேல் என்று அவள் எடுத்துக்கொண்டாள். பயப்படவும் உரிமை இல்லை. எல்லோரும்தான் நல்லது என்கிறார்களே. அதனால் எங்கள் முன்னால் எப்போதும் தைரியமாகவே இருந்தாள். "இந்தப் பொண்ணு மாதிரி இருக்கணும்" என்று மற்ற நோயாளிகளிடம் அவளைக் காட்டிச் சொல்லியிருக்கிறேன். அதை இப்போது வருத்தத்தோடுதான் எழுதுகிறேன். ஒரு பாராட்டு போதும், ஒருவர் தன் வலியைச் சொல்லாமல் இருக்க.

கதவருகே கேட்ட கேள்வி

சிகிச்சைக்குச் சம்மதக் கையெழுத்து வாங்கிய நாளில் முடி கொட்டுவது, வாந்தி, தொற்று, இதயம், நுரையீரல் எல்லாவற்றையும் பேசினோம். அவள் ஒன்றும் கேட்கவில்லை. அம்மா பில் கட்டப் போன பிறகு, அறைக் கதவில் கை வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் கேட்டாள்: "சிஸ்டர், அப்புறம் எனக்குக் குழந்தை பிறக்குமா?"

அதை நாங்கள்தான் முதலில் எடுத்திருக்க வேண்டும். கருத்தரிக்கும் வயதில் இருக்கும் எந்தப் பெண்ணுக்கும் கீமோ தொடங்கும் முன்பே அந்தப் பேச்சு நடக்க வேண்டும். திருமணம் ஆகாத பெண், அம்மா பக்கத்தில் இருக்கிறார் என்று நாங்கள் தயங்கினோம். தயக்கம் எங்களுடையது, இழப்பு நேர்ந்திருந்தால் அவளுடையது.

அன்றே மகப்பேறு மருத்துவரிடம் அனுப்பினோம். பழைய கூட்டு மருந்தான மாப் பலருடைய சினைப்பைகளையும் விந்தகங்களையும் செயலிழக்கச் செய்தது உண்மை. மிலானில் போனடோனா குழு 1970-களில் கொண்டுவந்த ஏபிவிடி என்ற நான்கு மருந்துக் கூட்டில் அந்த ஆபத்து மிகக் குறைவு. இளம்பெண்களுக்கு மாதவிடாய் பெரும்பாலும் திரும்பிவிடும். ஆனால் நோய் திரும்பி வந்து, அதிக அளவு கீமோவும் ஸ்டெம் செல் மாற்றும் தேவைப்பட்டால் கதை வேறு. அதனால்தான் கருமுட்டை எடுத்து உறைய வைப்பதை முன்கூட்டியே யோசிக்கச் சொல்கிறார்கள். அதற்குச் சுமார் இரண்டு வாரம் ஊசி போட வேண்டும், பிறகு மயக்கம் கொடுத்து எடுக்க வேண்டும். அவளால் மல்லாந்து படுக்கவே முடியவில்லை. மயக்க மருத்துவர் அபாயத்தைத் தெளிவாகச் சொன்னார். ஒரு நாள் அவகாசம் கேட்டாள். மறுநாள் வந்து, "முட்டை எடுக்கறதுக்குக் காத்திருக்க வேண்டாம், மருந்தைத் தொடங்கலாம்" என்றாள். முடிவு எதுவானாலும், தெரிந்து எடுத்த முடிவு. சிகிச்சை முழுவதும் அவள் அதைப் பற்றி மறுபடி வருந்திப் பேசவில்லை. கேட்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

நான்கு மருந்துகள்

ஏபிவிடியை 14 நாளுக்கு ஒரு முறை கொடுப்பார்கள். இரண்டு முறை சேர்ந்தால் ஒரு சுற்று. அவளுக்கு ஆறு சுற்று, அதாவது 12 முறை என்று திட்டம். டாக்ஸோரூபிசின் சிவப்பாக இருக்கும், அன்று சிறுநீரும் சிவக்கும். சொல்லி வைக்காவிட்டால் இரத்தம் என்று பயந்துவிடுவார்கள். வின்பிளாஸ்டின் விரல் நுனிகளை மரக்க வைக்கும், மலச்சிக்கல் தரும். டகார்பசின் வெளிச்சம் பட்டால் கெடும் என்பதால் பையை மூடி வைத்துத்தான் ஏற்றுவோம். கை நரம்பில் போனால் எரியும். நான்காவது பிளியோமைசின். ஏற்றிய அன்று குளிரும் காய்ச்சலும் தரலாம். அதைவிடப் பெரிய விஷயம், சிலருக்கு அது நுரையீரலில் அழற்சி உண்டாக்கும். வறட்டு இருமலும் படி ஏறும்போது மூச்சு வாங்குவதும்தான் முதல் அறிகுறி. நேரத்தில் நிறுத்தினால் பெரும்பாலும் சரியாகும். தொடர்ந்து கொடுத்தால் தழும்பு விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

முதல் முறைக்குப் பிறகு பத்தே நாளில் அவளுடைய பழைய இருமல் நின்றது. வியர்வை நின்றது. மல்லாந்து படுத்துத் தூங்கினேன் என்று போனில் சொன்னபோது அவள் குரலே வேறாக இருந்தது. இரண்டாம் முறைக்கு வந்தபோது லிஃப்டை விட்டுவிட்டு இரண்டு மாடி ஏறி வந்து, "எண்ணினேன் சிஸ்டர், 44 படி" என்றாள். அன்றிலிருந்து இருமல் இல்லை என்பதே அவளுக்கு நோய் போகிறது என்பதற்கான சாட்சி.

மூன்றாவது முறைக்கு நான்கு நாள் கழித்து இருமல் திரும்பியது. வறட்டு இருமல், அதே மாதிரி.

மறைத்த இரண்டு வாரம்

இருமல் திரும்பியதென்றால் கட்டி திரும்பியது என்று அவள் நினைத்தாள். அப்படி இல்லாவிட்டாலும், பிளியோமைசினும் இருமல் தரும் என்று கையேட்டில் படித்திருந்தாள். சொன்னால் மருந்தை நிறுத்துவார்கள், நிறுத்தினால் ரெமிஷன், அதாவது நோய் தென்படாத நிலை, கிடைக்காது. இரண்டில் எது உண்மையானாலும் சொல்வதில் நன்மை இல்லை என்பது அவள் கணக்கு. இடைக்கால பெட் ஸ்கேன் இரண்டாவது சுற்று முடிந்ததும் இருந்தது. அதுவரை எப்படியாவது மருந்து முழுதாக உள்ளே போய்விட வேண்டும்.

நான் போனில் கேட்டபோது, எடுக்கும் முன் இரண்டு மடக்கு வெந்நீர் குடித்துவிட்டுப் பேசினாளாம். நான்காவது முறை வந்தபோது நடந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. முகக்கவசத்தைக் கழற்றவே இல்லை. தண்ணீர் பாட்டிலை மடியிலேயே வைத்திருந்தாள், இரண்டு முறை நிரப்பிக்கொண்டாள். கண்ணை மூடியிருந்தாள், தூங்குகிறாள் என்று நினைத்தேன். ஆனால் மூச்சு இழுத்து முடிக்கும் இடத்தில் ஒரு சின்னத் தடுப்பு இருந்தது. காறை எலும்பு மேலே எழும்பி, ஒரு கணம் நின்று, மெதுவாக இறங்கியது. இருமலை அடக்குபவர்கள் அப்படித்தான் மூச்சு விடுவார்கள். அதோடு, அன்று லிஃப்டில் வந்தாள். ஹீமோகுளோபின் 9.8, அதனால் களைப்பு என்று நானாகவே முடிவு கட்டினேன். ஊசியைப் பொருத்திக்கொண்டே, குனிந்த தலையோடு, அம்மா எதிரில், பட்டியலில் இருப்பதைப் படிப்பது போல "காய்ச்சல், இருமல், வாந்தி ஏதாவது?" என்று கேட்டேன். "இல்லை சிஸ்டர்."

அந்தக் கேள்விக்கு இல்லை என்பதைத் தவிர வேறு பதில் வராது. கேட்ட விதம் அப்படி.

ஒரே ஸ்கேனில் இரண்டு செய்தி

பெட் ஸ்கேனுக்கு ஆறு மணி நேரமாவது வெறும் வயிற்றில் வர வேண்டும். சர்க்கரையோடு சேர்த்த கதிரியக்க மருந்தை ஊசியில் போட்டு ஒரு மணி நேரம் பேசாமல் படுக்க வைப்பார்கள். குளிர்ந்தால் கழுத்தில் உள்ள பழுப்புக் கொழுப்பு ஒளிர்ந்து, நோய் போலவே காட்டிவிடும். அதனால் போர்வை முக்கியம். அன்று அவள் இருமாமல் படுக்கப் பட்ட பாட்டை ஸ்கேன் அறை ஊழியர்தான் கவனித்து எழுதி வைத்தார். மூன்று முறை கேட்டு எனக்குத் தெரியாதது அவருக்கு ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிட்டது.

படத்தை மதிப்பிட டோவில் அளவுகோல் என்று ஒன்று உண்டு. பிரான்ஸில் அந்த ஊரில் 2009-இல் நிபுணர்கள் கூடி வகுத்தது. கட்டியின் ஒளிர்வை நெஞ்சின் நடுவே ஓடும் இரத்தத்தின் ஒளிர்வோடும் ஈரலின் ஒளிர்வோடும் ஒப்பிட்டு 1 முதல் 5 வரை மதிப்பெண் போடுவார்கள். 3 வரை நல்ல பதில். அவளுக்கு 2. இரண்டே சுற்றில் கட்டி அணைந்திருந்தது. அதே படத்தில் இரண்டு நுரையீரல்களின் அடிப்பகுதியிலும் மங்கலாகப் புதிய ஒளிர்வு பரவியிருந்தது. லிம்போமா அப்படிப் பரவுவதில்லை, இது பிளியோமைசின் போல இருக்கிறது, வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்திருக்கிறது என்றார் மருத்துவர்.

அன்று மருத்துவர் அவளைத் தனியாக உட்கார வைத்தார். நானும் இருந்தேன். நல்ல செய்தியை முதலில் சொன்னார். அவள் அழவில்லை. "அப்ப நான் சொல்லலாமா?" என்று கேட்டுவிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லும்போது நடுநடுவே இருமினாள். எங்கள் முன்னால் அவள் இருமியது அன்றுதான்.

அவளுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. நாங்கள் சொல்லாமல் விட்டது. இடைக்கால ஸ்கேன் நன்றாக இருந்தால் பிளியோமைசினை எப்படியும் நிறுத்தலாம். 2016-இல் வெளிவந்த ராத்தல் ஆய்வு இதைத்தான் காட்டியது. 1,200-க்கு மேற்பட்டவர்கள் பங்கேற்ற அந்த ஆய்வில், இடைக்கால ஸ்கேன் நன்றாக வந்தவர்களில் நான்கு மருந்தையும் தொடர்ந்தவர்களில் 85.7 சதவீதம் பேரும் பிளியோமைசினை விட்டவர்களில் 84.4 சதவீதம் பேரும் மூன்று வருடம் நோய் மீளாமல் இருந்தார்கள். வித்தியாசம் மிகச் சிறியது. நுரையீரல் பாதிப்போ விட்டவர்களிடம் குறைவு. எந்த மருந்துக்காக அவள் இரண்டு வாரம் மூச்சை அடக்கினாளோ, அதை விடும் திட்டம் எங்கள் கோப்பில் முதல் நாளிலிருந்தே எழுதியிருந்தது. அதை அவளிடம் சொல்ல ஐந்து நிமிடம் ஆகியிருக்கும்.

தொற்று இல்லை என்று உறுதி செய்துகொண்டு ஸ்டீராய்டு மாத்திரை தொடங்கினார்கள். நுரையீரல் வாயுவை இரத்தத்துக்குக் கடத்தும் திறன் ஆரம்பத்தில் இருந்ததைவிடக் கால் பங்குக்கு மேல் குறைந்திருந்தது. ஐந்தாவது முறை பத்து நாள் தள்ளிப்போனது. பிறகு மூன்று மருந்தோடு மீதி எட்டு முறையும் முடிந்தன. ஆறு வாரத்தில் இருமல் அடங்கியது. படியை எண்ணுவதை நான் அவளிடமிருந்து எடுத்துக்கொண்டேன். "காய்ச்சல், இருமல்" என்று கேட்பதில்லை. "போன தடவை எத்தனை படியில நின்னே, இந்தத் தடவை எத்தனை?" என்று கேட்கிறேன், தனியாக இருக்கும்போது, கையில் ஊசி இல்லாமல். புதிதாக வரும் ஒவ்வொருவரிடமும் முதல் நாளே சொல்லிவிடுகிறேன்: ஒரு மருந்தைக் குறைத்தாலோ மாற்றினாலோ சிகிச்சையைக் கைவிட்டோம் என்று அர்த்தம் இல்லை, மாற்று வழி ஏற்கெனவே யோசித்து வைத்ததுதான்.

"குணமாயிடுச்சா?"

கடைசி மருந்துக்கு ஏழு வாரம் கழித்து எடுத்த ஸ்கேனில் முழு ரெமிஷன் என்று வந்தது. அவள் அறிக்கையைப் படித்துவிட்டு ஒரு வரியில் விரலை வைத்தாள். நெஞ்சில் 3 சென்டிமீட்டர் திசு மீதம் இருக்கிறது என்று அதில் இருந்தது. "இன்னும் இருக்கே?"

அவளுடைய வகை நோயில் கட்டிக்குள் நார்த்திசு நிறைய இருக்கும். புற்றுநோய் செல்கள் செத்த பிறகும் அந்த நார் தழும்பு போலத் தங்கிவிடும். சி.டி. ஸ்கேன் மட்டும் இருந்த காலத்தில் இது பெரிய குழப்பம். 1989-இல் வகுத்த விதிகளில் 'உறுதி செய்யப்படாத முழு ரெமிஷன்' என்று தனியே ஒரு வகையே வைத்திருந்தார்கள். எத்தனை பேர் அந்த 'உறுதி செய்யப்படாத' என்ற சொல்லோடு வருடக்கணக்கில் வாழ்ந்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன். பெட் வந்த பிறகு, ஒளிராத மிச்சம் நோய் அல்ல என்று சொல்ல முடிகிறது. 2007-இல் திருத்திய விதிகள் அந்த வகையை நீக்கிவிட்டன.

பிறகு அவள் நேராகக் கேட்டாள்: "குணமாயிடுச்சா?" மருத்துவர் சுற்றி வளைக்கவில்லை. ரெமிஷன் என்றால் இன்று எங்கள் கருவிகளில் நோய் தெரியவில்லை என்று அர்த்தம். திரும்புவதாக இருந்தால் பெரும்பாலும் முதல் இரண்டு, மூன்று வருடத்துக்குள் திரும்பும். ஒவ்வொரு மாதம் கடக்கும்போதும் அந்த வாய்ப்பு குறைகிறது. திரும்பினாலும் ஸ்டெம் செல் சிகிச்சையும் புதிய எதிர்ப்பாற்றல் மருந்துகளும் இருக்கின்றன, அங்கேயும் பலர் குணமாகிறார்கள். "குணம் என்ற சொல்லை உனக்குச் சொல்ல நான் காத்திருக்கிறேன்" என்றார். அவள் முகம் வாடும் என்று நினைத்தேன். நோட்டைத் திறந்து "2 - 3 வருடம்" என்று எழுதி, கீழே கோடு போட்டாள். எல்லோரும் நல்லது நல்லது என்று சொன்ன மாதங்களில் அவள் நிம்மதியாகத் தூங்கியதில்லை. இந்தப் பேச்சு நடந்த இரவு தூங்கினாள் என்று அம்மா சொன்னார்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை பரிசோதனை. அறிகுறி இல்லாமல் அடிக்கடி ஸ்கேன் எடுப்பதில்லை. பிளியோமைசின் வாங்கியவள் என்று ஒரு அட்டை வைத்திருக்கிறாள். பிற்காலத்தில் மயக்கம் கொடுக்க நேர்ந்தால் தேவைக்கு மேல் ஆக்சிஜன் கொடுக்கக்கூடாது என்பதற்காக. நான்காவது மாதத்தில் மாதவிடாய் திரும்பியது. அதைச் சொல்ல அவளே போன் செய்தாள். கருமுட்டையை இப்போது உறைய வைப்பதா என்று மகப்பேறு மருத்துவரோடு மறுபடி பேசத் தொடங்கியிருக்கிறாள்.

ஏழாவது மாதம், காலை ஷிப்டுக்கு நான் வந்து சேரும் முன்பே பிரிவு போனில் அவள் குரல். "சிஸ்டர், ரெண்டு நாளா இருமல். சளியோட இருக்கு. காய்ச்சல் இல்லை, இப்பதான் பார்த்தேன், 36.9. வீட்டுல எல்லாருக்கும் ஜலதோஷம். 44 படியும் நிக்காம ஏறிட்டேன். பயமா இருக்கு, அதையும் சொல்லிடறேன்." பதிவேட்டில் இரவுப் பணிச் செவிலியர் அதை அப்படியே எழுதி வைத்திருந்தார், கடைசி வரி உட்பட. அன்று மதியமே வரச் சொன்னோம். நெஞ்சு தெளிவாக இருந்தது. ஜலதோஷம்தான்.